கூடல்வாய் திறந்த சேதி

ஏகாம்பரநாதர் துணை

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
சாதாரண வருஷம், கார்த்திகை மாதம்

சௌபாக்கியவதி கிருஷ்ணவேணிக்கு உன் அம்மா பெரியநாயகி மனம் குளிர்ந்து ஆசீர்வாதம் செய்து எழுதும் சேதி. இங்கே நானும் உன் அண்ணன் பரசுராமனும் அண்ணி தேவகியும் கல்யாணப்பெண் உன் தங்கை மரகதமும் சுகம், எங்கள் தலைக்கு மேலே இருக்கிற ஓடும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கவும், உங்கள் தலைக்கு மேலே இருக்கிற தகரம் சீக்கிரம் சுகப்படவும் காமாட்சியம்மனை வேண்டிக்கொண்டே இதை எழுதுகிறேன். உன் கடிதம் கப்பலில் ஈரம் குடித்து ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி நெளிந்து வந்து சேர்ந்தது. அந்தமானில் மழை விடவே இல்லை என்று எழுதியிருந்தாய், கடிதத்தைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. குழந்தையின் தொட்டிலை மூலைக்கு மூலை அவிழ்த்துக் கட்டுகிறேன், எங்கே கட்டினாலும் அங்கே வந்து சொட்டுகிறது, மாப்பிள்ளை ஆபீசில் சொல்லியும் ஆள் வரவில்லை என்று எழுதியிருந்தாய். பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கும் உங்களுக்கும் ஒரே கூரை, நடுவில் ஓடுகிற தகரக் கால்வாய் அவங்களோடது, கொடிக்கயிறு சண்டைக்கு அப்புறம் அந்தப் பொம்பளையோடு பேச்சே இல்லை, நான் எதற்குப் போய்ப் பேச வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை மரகதத்தை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். எனக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை, அஞ்சாங்கிளாசு வரைக்கும் படித்தவள்தான், காதால் கேட்கணும் போல இருந்தது. கேட்டுவிட்டு அப்படிச் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இந்தக் கடிதம் முழுவதும் படித்தால் தெரியும், நடுவில் மடித்து வைத்துவிடாதே.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்கு எழுத்து ஓடாது. உன் அம்மா ஜெயித்துவிட்டாள். மரகதத்தின் முகூர்த்தப் புடவை ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் தறியை விட்டு இறங்கிவிட்டது. மஞ்சள் உடல், அரக்குக் கரை, முந்தானையில் அன்னப்பட்சி, தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. எப்படி இறங்கியது என்பதுதான் கதை.

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்ததும் நம் தறிக்கூடத்தில் ஒழுக ஆரம்பித்தது. ஒழுகினது எங்கே என்று கேள், சரியாகத் தறிக்கு மேலே. மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்கிறது, தறிக்குழிக்கு நேராக மட்டும் சொட்டு சொட்டு என்று இறங்குகிறது. முதல் சொட்டு விழுந்தபோது பரசுராமன் முதுகைக் காட்டி வாங்கிக்கொண்டான், தெரியுமா, தறியில் நீட்டின பாவு நூலின் மேல் விழக்கூடாது என்று குப்புற வளைந்து உட்கார்ந்துகொண்டு தேவகியைக் கூப்பிட்டான். அந்த அரக்கு கொஞ்சம் ஈரம் பட்டாலும் மஞ்சளில் இறங்கிவிடும், இறங்கினால் எந்த ஊர் வண்ணான் வந்தாலும் போகாது. தார்ப்பாயைக் கட்டினோம். தார்ப்பாய் கட்டினால் தறி ஆடாது, அவிழ்த்தால் சொட்டும். மழை விட்ட நேரம் அவிழ்த்துக் கொஞ்சம் நெய்வான், கறுத்துக்கொண்டு வந்தால் மறுபடியும் கட்டுவான். தையில் கல்யாணம், புடவை பாதிகூட ஆகவில்லை.

ஓட்டு மேஸ்திரி வேலாயுதத்தைக் கூப்பிட்டோம். அவர் உள்ளே வந்து, சொட்டுகிற இடத்தை அண்ணாந்து பார்த்தார், வெளியே போய்ச் சரியாக அந்த இடத்தில் ஆளை ஏற்றி நாலு ஓட்டை மாற்றினார், குரங்குதான் உடைத்துவிட்டது என்றார். குரங்குக்கு நம் ஊரில் என்ன குறைச்சல், கோவில் பிரசாதம் தின்றுவிட்டு ஜீரணம் ஆக நம் ஓட்டின் மேல்தானே குதிக்கிறது. சரி என்று நம்பினோம். அடுத்த மழையில் அதே இடத்தில் முன்னைவிட வேகமாகச் சொட்டியது. மறுபடியும் மேஸ்திரி வந்தார். இந்தத் தடவை மீசையைத் தடவிக்கொண்டு, "ஓட்டத் தாங்கற கைமரமே ஊறிப் போச்சும்மா, மொத்தமா பிரிச்சுப் போட்டு காங்கிரீட்டு ஊத்திடலாம், இல்லன்னா வருசா வருசம் இதே ரோதனைதான், தறிய இப்போ எடுத்துடுங்க" என்றார். தறியை எடுப்பது என்றால் என்ன, தேங்காய்மூட்டையா தூக்கி வைப்பதற்கு? குழியில் இறங்கி நிற்கிற தறி. பாவை அறுக்க வேண்டும். முகூர்த்தப் பாவை நடுவில் அறுத்தால் அந்தப் புடவையை யார் கட்டுவது, அந்தப் பெண்ணை யார் வாழ்த்துவது. நம் தெருவில் எந்த வீட்டிலும் அப்படி நடந்ததில்லை. மரகதம் அடுப்படியில் போய் நின்றுகொண்டது. பரசுராமன் இரண்டு நாள் சோறு சரியாகத் தின்னாமல் இருந்துவிட்டு, "வேற வழி தெரியலம்மா, செவ்வா வெள்ளி போவட்டும், சனிக்கெழம அறுத்துடறேன்" என்றான். நான் சொன்னேன், சனிக்கிழமை வரைக்கும் கத்தியை என்னிடம் கொடு என்று. வாங்கி அரிசிப்பானைக்குள் போட்டுவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு மழை. எல்லாரும் வீட்டுக்குள்ளே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் முக்காடு போட்டுக்கொண்டு தெருவில் போய் நின்றேன். இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள் கிருஷ்ணவேணி, கூரை ஒழுகினால் சொட்டுகிற இடத்தைப் பார்க்காதே, தண்ணீர் வெளியே வர வேண்டிய இடத்தைப் பார். தெருவில் எல்லார் வீட்டுத் தகரப் பீலியிலும் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. நம் பீலி மட்டும் பல் போன கிழவி வெற்றிலை எச்சில் துப்புகிற மாதிரி ஒழுகிக்கொண்டு நிற்கிறது. இரண்டு பெரிய கூரையின் தண்ணீர் இறங்குகிற பீலி அது. வாய்க்கு வராத தண்ணீர் வயிற்றுக்குள்தானே போகிறது. எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது, ஓட்டில் குற்றம் இல்லை, கூடல்வாய் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று.

கூடல்வாய் என்றதும் உனக்கு ஞாபகம் வந்திருக்கும். நம் வீட்டு ஓடும் உன் சித்தப்பா கண்ணாயிரம் வீட்டு ஓடும் சாய்ந்து வந்து நடுச்சுவரின் மேல் கூடுகிற இடம், இரண்டு கூரைத் தண்ணீரும் அந்தத் தகரத்தில் விழுந்து தெருவுக்கு ஓடணும். உன் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் வீட்டைப் பாகம் பிரித்தபோது ஆட்டுக்கல் எங்களுக்கு, பெரிய மூங்கில் ஏணி அவர்களுக்கு, கூடல்வாய் மட்டும் பொது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பொது என்றால் என்ன தெரியுமா, யாரும் தொடமாட்டார்கள் என்று அர்த்தம். அந்த வருஷமே உங்கள் பக்கத்துத் தண்ணீர்தான் எங்கள் சுவரில் இறங்குகிறது என்று உன் சித்தி சம்பூர்ணம் சொல்ல, உங்கள் பக்கத்துக் குப்பைதான் அடைக்கிறது என்று நான் சொல்ல, அன்றோடு நின்றது பேச்சு. சுவர் ஒன்று, அவள் அம்மி அரைக்கிற சத்தம் எனக்குக் கேட்கும், என் இருமல் அவளுக்குக் கேட்கும், முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. இப்போது கூடல்வாயில் ஏற வேண்டும், ஏணி அவள் வீட்டில். பரசுராமன் போய்க் கேட்கிறேன் என்றான். வேண்டாம் என்றேன். அவன் வாயைத் திறந்து கேட்டு, அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் மரகதம் கல்யாணத்துக்கு எந்த முகத்தோடு போய் அழைப்பது. அழைக்காமல் இருப்பதாக யோசனை இருந்ததா என்று கேட்காதே, அதை நான் நினைத்தே பார்க்காமல் ஒத்திப்போட்டு வைத்திருந்தேன்.

மழை விட்டு ஓடு காய்ந்ததும் வெள்ளையடிக்கிறவர் வீட்டு மரியம்மாளிடம் ஏணி கேட்டேன். அது தானே தூக்கிக்கொண்டு வந்தது, நல்ல பெண். யார் ஏறுவது என்று பார்த்தால் பரசுராமன் ஏறினால் ஓடு மிஞ்சாது, தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு பெருத்துப் போய்விட்டது. மேஸ்திரி ஆளோ கூரை மேல் கிடக்கிற முள்ளைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமே வரமாட்டேன் என்றுவிட்டான். நான் எலும்பும் தோலும், என் பாரத்துக்கு ஓடு உடையாது. கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். தேவகி கண்ணை மூடிக்கொண்டு அம்மனைக் கூப்பிடுகிறாள், தெருவில் பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். மரியம்மாள் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "ஆயா, கர்த்தர் மேல கூப்புடறதுக்கு முன்னாடியே நீங்களா கெளம்பிட்டீங்களே" என்கிறாள். "அவருக்கு எதுக்கும்மா செரமம்" என்று சொல்லிக்கொண்டே ஏறிவிட்டேன். ஏறும்போது செய்ய வேண்டியதைச் செய்தேன், நீயும் மாப்பிள்ளையிடம் சொல். ஏணித் தலையைக் கயிற்றால் கட்ட வேண்டும், வெறும் காலோடு ஏற வேண்டும், ஈரம் காய்ந்த பிறகுதான் ஏற வேண்டும். ஓட்டில் நடுவில் மிதிக்கக் கூடாது, கீழே மரம் போகிற இடம் பார்த்து மிதிக்கணும். உங்கள் தகரத்துக்கும் அதே கணக்குத்தான், ஆணி அடித்த வரிசை எங்கே இருக்கிறதோ அதற்குக் கீழேதான் மரம் இருக்கும், அங்கே கால் வை, நடுத்தகரத்தில் கால் வைத்தால் நெளிந்து புதுப் பொத்தல் விழும்.

மேலே போய்ப் பார்த்தால் என்னத்தைச் சொல்ல. குரங்கு வரக்கூடாது என்று நம் பக்கம் நாம் போட்ட கருவேல முள், அவர்கள் பக்கம் அவர்கள் போட்ட கருவேல முள், இரண்டும் நடுவில் கூடிக் கூடல்வாய் முழுக்கப் படுத்துக்கிடக்கிறது. வேறு ஊராக இருந்தால் முள்ளில் இலை மாட்டும், மக்கும், மழையில் போய்விடும். நம் தெருவில் காற்றில் பறக்கிறது என்ன, பட்டுக் கழிவுதானே. இழை சுற்றும்போது அறுந்த நூல், கரையில் வெட்டிய நூல், எல்லாம் பறந்து முள்ளில் மாட்டி, சிட்டுக்குருவி அதை இழுத்துக் கூடு கட்டி, மேலே மழையும் தூசியும் விழுந்து விழுந்து, கிருஷ்ணவேணி, கம்பளி மாதிரி ஆகிவிட்டது. பட்டு மக்குமா? முள் சீப்பு மாதிரி நின்று வருகிற நூலையெல்லாம் வாரி வாரி வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த மெத்தைக்கு மேலே தண்ணீர் குளமாக நிற்கிறது, நின்ற தண்ணீர் பக்கவாட்டில் ஓட்டுக்கு அடியில் ஏறி, கைமரத்தோடு வழிந்து போய், தறிக்கு நேராக வந்துதான் சொட்டுகிறது. நுழைகிற இடம் ஒன்று, சொட்டுகிற இடம் ஒன்று. மேஸ்திரி சொட்டுகிற இடத்துக்கு வைத்தியம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. நம் பக்கத்து முள்ளும் அவர்கள் பக்கத்து முள்ளும் ஒன்றையொன்று சிண்டு பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓட்டைக் கொஞ்சம் தள்ளிவிட்டுப் பிடித்து இழுக்கலாம் என்று அவர்கள் பக்கத்து ஓடு ஒன்றை நகர்த்தினேன். கீழே இருந்து ஒரு குரல், "யாருடா அது ஓட்டு மேல, கொரங்கா?" என்று. குனிந்து பார்த்தால் சம்பூர்ணம் அண்ணாந்து நிற்கிறாள், கையில் துடைப்பம். இத்தனை வருஷம் கழித்து அவள் முகத்தை நேராகப் பார்த்தது ஓட்டுப் பொத்தல் வழியாகத்தான். "கொரங்கு இல்ல, உன் ஓரகத்தி" என்றேன். அவளுக்குப் பழைய வாய் வந்துவிட்டது, "ரெண்டுக்கும் என்னா வித்தியாசம், ரெண்டும் எங்க ஓட்டத்தான பிரிக்குது" என்றாள். தெருவில் கேட்டவர்கள் சிரித்த சிரிப்பு மேலே வரைக்கும் வந்தது. எனக்கும் பதில் நாக்கு நுனிக்கு வந்தது, அதற்குள் கண்ணில் பட்டுவிட்டது. அவள் வீட்டுத் தறிக்கு மேலே உத்தரத்தில் கயிறு கட்டி ஒரு அண்டா தொங்குகிறது. "தறி மேல எதுக்கு அண்டா தொங்குது?" என்றேன். "அதுவா, அழகுக்குத் தொங்கவுட்டுக்கினு இருக்கேன்" என்றாள். "எங்க வூட்லயும் அதே அழகுதான், தார்ப்பாயில" என்றேன். அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். அப்புறம் மெதுவாக, "உங்க வூட்லயும் ஒழுவுதாக்கா?" என்றாள். அக்கா என்று கேட்டு எத்தனை நாள் ஆகிவிட்டது. நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "ஏணிய எடுத்துக்கினு வாடி, உன் முள்ளும் என் முள்ளும் கட்டிப் பெரண்டுக்கினு கெடக்குது, ஒருத்தி இழுத்தா வராது" என்றேன்.

வந்தாள். உன் சித்தப்பா ஏணியைப் பிடிக்க, அந்தப் பக்கமாக ஏறி வந்தாள். அவள் உடம்புக்கு ஓடு இரண்டு உடைந்தது, அதை நான் சொல்லவில்லை, நீயும் எழுதிவிடாதே. அவள் அங்கே ஒரு பிடி, நான் இங்கே ஒரு பிடி, ஒரே நேரத்தில் இழுத்தோம். முதலில் கிளைதான் ஒடிந்து கையோடு வந்தது. "பாவு இழுக்கற மாதிரி இழு, வெடுக்குன்னு இழுக்காத" என்றாள் அவள். "எனக்கே பாவு சொல்லித் தர்றியா" என்றேன். ஆனால் அவள் சொன்னது போலத்தான் இழுத்தேன். அசைந்தது, அப்புறம் முழுப் பாயாக உரிந்துகொண்டு வந்தது. ஆட்டுத்தோல் மாதிரி அத்தனை கெட்டி. தெருவில் தூக்கிப் போட்டதும் தொப்பென்று ஒரு சத்தம். கீழே இறங்கிப் பிரித்துப் பார்த்தோம், எத்தனை வருஷத்துப் பட்டு அதில், மயில்கழுத்து, வெந்தய நிறம், ரோஜா. அடியில் போகப் போகப் பழைய நூல். சம்பூர்ணம் ஒரு கத்தரிப்பூ நிற இழையை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தாள். உன் அப்பா இருந்தபோது இரண்டாந்தரம் சாயத்தொட்டியில் முக்கி எடுத்தாரே, அந்த நிறம், உன் கல்யாணப் புடவை நிறம், வேறு யார் வீட்டிலும் வராத நிறம். அந்தப் புடவை நெய்தபோது தறியின் மறுகரைப் பக்கம் எதிர்க்கட்டையில் உட்கார்ந்து கரை கோத்தது உன் சித்தப்பாதான். அந்த இழையை இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன், கவனமாகப் பிரி.

அடைப்பு எடுத்துவிட்டால் வேலை முடிந்ததா, இல்லை. தகரக்கடைத் தெலுங்குக்காரன் சிட்டிபாபுவைக் கூப்பிட்டோம். "ஏமம்மா, ரெண்டு வூட்டுக்காரங்களும் ஒண்ணா வந்துருக்கீங்க, தெலுசுகோவாலி, தெரிஞ்சுக்கணும், சூரியன் எந்தப் பக்கம் உதிச்சது" என்று கேலி பேசிக்கொண்டே, துரு தின்ற இடத்தைச் சுரண்டி ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தான், பெரிய பொத்தலுக்குத் துண்டுத் தகரம் வைத்துத் தாரைக் காய்ச்சி ஊற்றினான். தகரம் தெருப்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க நான் ஒரு செம்புத் தண்ணீரோடு புளியங்கொட்டை ஒன்றை விட்டேன், அது நடுவில் நின்றுவிட்டது. நின்ற இடத்தில் தகரத்துக்கு அடியில் ஓட்டுச் சில்லு வைத்துத் தூக்கிக் கொடுத்து, மறுபடியும் விட்டதும் விறுவிறுவென்று ஓடிப் பீலி வழியாகத் தெருவில் விழுந்தது. பீலி வாயில் முன்பு போல முள் போடாமல், கம்பியைப் பூக்குடலை மாதிரி வளைத்துக் கவிழ்த்து வைத்திருக்கிறோம், நூல் வந்தால் அதன் மேல் நிற்கும், தண்ணீர் பக்கத்தால் போய்விடும். தட்டையாக வலை வைத்தால் ஒரே நாளில் அடைக்கும். முகட்டில் பெயர்ந்த இடத்துக்குச் சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டுக் குழைத்துப் பூசினோம். சித்தி வீட்டு வெல்லம், நம் வீட்டுக் கடுக்காய்.

சனிக்கிழமை விடிந்தது. பரசுராமன் கத்தி கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை, இரண்டு பேருக்கும் அதே நினைப்புத்தான். காலையிலேயே ஏகாம்பரநாதர் கோபுரத்துப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது, வந்த வேகத்தில் கொட்டியது. பரசுராமன் தார்ப்பாயை அவிழ்த்துவிட்டுத் தறிக்குழியில் போய் உட்கார்ந்துவிட்டான், அவிழ்க்காதே என்று தேவகி கத்துகிறாள், "அம்மா சரி பண்ணிட்டாங்கன்னா சரி பண்ணிட்டாங்க" என்கிறான் அவன். தெருவில் போய் நின்றேன், அந்தப் பக்கம் சம்பூர்ணமும் வந்து நின்றாள். மேஸ்திரி வேலாயுதம் குடையைப் பிடித்துக்கொண்டு நம் பீலிக்கு நேராக நிற்கிறார், என்ன ஆகிறது பார்க்கலாம் என்று. முதலில் ஒன்றும் வரவில்லை. மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் பீலியைப் பார்த்தேன். உள்ளே கடகடவென்று ஒரு சத்தம், தேர் திரும்புகிற மாதிரி, அடுத்த நிமிஷம் யானை தும்பிக்கையால் பீச்சி அடிக்கிற மாதிரி பாய்ந்தது பார், மேஸ்திரியின் குடை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தெருவே கைதட்டியது. "குடை ஒழுவுதா மேஸ்திரி, மொத்தமா பிரிச்சு காங்கிரீட்டு ஊத்திடுங்க" என்று கத்தினது யார் என்று நினைக்கிறாய், உன் சித்தி. மேஸ்திரியும் பாவம் நல்ல மனுஷன், தலையைத் துவட்டிக்கொண்டே, "தோத்தேன்மா" என்று சிரித்துவிட்டார். உள்ளே ஓடினேன். பரசுராமன் அண்ணாந்தபடியே உட்கார்ந்திருக்கிறான், மேலே காய்ந்த ஓடு, கீழே காய்ந்த பாவு. ஊடை நூல் ஓடுகிற நாடாவை எடுத்து வீசினான், தறிச்சத்தம் கிளம்பியது. நடுச்சுவருக்கு அந்தப் பக்கத்திலும் கிளம்பியது. மழைச்சத்தத்தை மீறி இரண்டு தறியும் ஆடினது கேட்டு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கரை கோக்க எதிர்க்கட்டைக்கு வந்துகொண்டிருந்த ஆள் நாள் தள்ளிப் போனதும் வேறு தறிக்குப் போய்விட்டான். அன்றைக்கு மத்தியானம் உன் சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார், யாரையும் கேட்கவில்லை, நேரே போய் எதிர்க்கட்டையில் உட்கார்ந்துவிட்டார். பாதியில் நின்ற புடவை முழுக்க அவர் கை பட்டுத்தான் முடிந்தது. அவருடைய தறியில் அந்த வேலை நாளெல்லாம் யார் உட்கார்ந்தது என்று கேட்டால், உன் சித்தி. நெய்ததைச் சுருட்டுகிற படைமரத்திலிருந்து புடவையை அவிழ்த்தபோது மரகதத்துக்கு முதலில் தோளில் போட்டுப் பார்த்ததும் அவள்தான். என்னைத் தள்ளிவிட்டுத்தான் போட்டாள். போகட்டும்.

இப்போது உன் தகரத்துக்கு வருகிறேன். முதலில் மழை பெய்யும்போது வெளியே போய்க் கால்வாய் வாயைப் பார், தண்ணீர் அங்கே வருகிறதா என்று. வராவிட்டால் அடைப்புத்தான், உங்கள் ஊரில் பட்டு இருக்காது, தென்னங்குரும்பையும் பாளையும் இலையும் இருக்கும், கையால் எடு, குச்சியால் குத்தித் தள்ளாதே, உள்ளே போய் இன்னும் கெட்டிப்படும். வந்தும் ஒழுகினால் வெயில் நாளில் கதவு சன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருந்து அண்ணாந்து பார், பொத்தல் இருந்தால் நட்சத்திரம் மாதிரி தெரியும், அங்கே கரியால் ஒரு வட்டம் போடு. தெரியாவிட்டால் மாப்பிள்ளை மேலே செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றட்டும், அடியிலிருந்து ஆரம்பித்து மேலே போகட்டும், நீ உள்ளே இருந்து குரல் கொடு. பெரும்பாலும் ஆணிக் கண்ணில்தான் இருக்கும். ஆணி தகரத்தின் மேட்டில் இருக்கணும், பள்ளத்தில் அடித்திருந்தால் பிடுங்கி அந்தக் கண்ணைத் தார்த்துணி வைத்து அடைத்துவிட்டு மேட்டில் அடிக்கச் சொல். ஆணிக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வைத்து அடித்தால் தண்ணீர் நுழையாது. கடல் காற்றில் துரு ஏறுகிறது என்று எழுதியிருந்தாய், மழை விட்டதும் சுரண்டிச் சிவப்பு மண் பெயிண்டு ஒரு கை பூசிவிடு. தகரத்தின் மேல் கல்லோ டயரோ வைக்க விடாதே, குப்பை அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எதையும் தள்ளிப் போடாதே, குழந்தைக்குச் சளி பிடிக்கும், தலைக்கு எண்ணெய் வைத்து ஓமத்தைத் துணியில் கட்டித் தொட்டிலில் தொங்கவிடு.

இதெல்லாம் செய்வதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்குப் போய், உங்கள் வீட்டிலும் ஒழுகுகிறதா என்று கேள். கட்டாயம் ஒழுகும். நீ தொட்டிலை நகர்த்துகிற மாதிரி அவள் எதையோ நகர்த்திக்கொண்டுதான் இருப்பாள், உன்னிடம் சொல்லமாட்டாள். கொடிக்கயிற்றைப் பற்றிப் பேசாதே, ஏணி மட்டும் கேள். அவளுக்குத் தமிழ் தெரியாவிட்டால் மேலே கையைக் காட்டு, போதும், சொட்டுகிறவர்களுக்கு அது விளங்கும். நம் வீட்டுப் பெரிய ஏணி இப்போது அவர்கள் வீட்டுக்குள்ளும் இல்லை, நம் வீட்டுக்குள்ளும் இல்லை, பீலிக்கு நேராக நடுச்சுவரிலேயே சாத்தி இரண்டு வளையம் அடித்து மாட்டியிருக்கிறது. ஆட்டுக்கல்லைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை, அவள் அரைக்க வருகிறாள், வந்தால் மாவு முடிகிற வரைக்கும் வாய் ஓய்வதில்லை.

தை பிறந்ததும் கல்யாணம், நாள் வைத்ததும் தந்தி கொடுக்கச் சொல்கிறேன், கப்பல் பார்த்து முன்னமே கிளம்பு, குழந்தையோடு காற்று அடிக்கிற பக்கம் உட்காராதே. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், ஏணித் தலையைக் கட்டாமல் ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். குழந்தைக்கு ஆயாவின் முத்தம். நீ தீர்க்க சுமங்கலியாக, நனையாத வீட்டில், நிறைந்த மனதோடு நூறு வருஷம் இரு. பங்குனியில் ஒரு தடவை, ஆவணியில் ஒரு தடவை கால்வாயைச் சுத்தம் செய்ய மறக்காதே, அந்தப் பொம்பளையையும் கூடவே ஏணியில் ஏற்று.

இப்படிக்கு,
ஓட்டின் மேல் ஏறி நல்லபடியாக இறங்கின உன் அம்மா,
பெரியநாயகி

உன் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதையெல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வதையும் அப்படியே எழுதச் சொல்கிறாள்: "கொரங்குன்னு நெனச்சதுக்கு நான் ஒண்ணும் வருத்தப்படலன்னு எழுது. வரும்போது எனக்கு ஒரு சங்கு எடுத்தாரச் சொல்லு. ஓடு ஒடஞ்சது ரெண்டு இல்ல, ஒண்ணுதான்னு எழுது."